யாரும் கேட்காத படங்கள்

மாமா,

சாப்பாட்டுப் பையில் கடிதத்தைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். நேரில் பேச வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறீர்கள்.

பிளக்ஸ் கடையில் நான்கு வருடம் காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும் டிசைன் செய்தேன். எல்லாம் யாரோ கேட்டது. யாரும் கேட்காமல் செய்தது ஒன்றுதான். படிக்கத் தெரியாத ராக்கு மதினி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகையில் ஜீப் போர்டு புரியாமல் வேறு எஸ்டேட் ஜீப்பில் ஏறிப் போனாரே, அன்றைக்கு ஆரம்பித்தேன். பார்த்ததும் அடையாளம் தெரிய ஒவ்வொரு எஸ்டேட் ஜீப்புக்கும் ஒரு படம். ஒன்றுக்கு இருவாச்சிப் பறவை, ஒன்றுக்கு ஏலப்பூ.

“எவன் கேட்டான் உன்னைய?” என்று லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். “இனி என் பொண்டாட்டி வேலைக்கு வரமாட்டா” என்று கடையிலும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அதற்குள் பதினோரு ஜீப்பில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. நேற்று மதினி ஜன்னலோரம் வந்து சொன்னார்: “இப்பல்லாம் யாரையும் கேக்காம நானே ஏறிப் போறேன் ஆத்தா.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

நீங்கள் ஓட்டும் ஜீப்புக்கு மட்டும்தான் இன்னும் படம் இல்லை. தினமும் பென்சிலால் வரைந்து பார்க்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் பீரோவில்தான் வந்து முடிகிறது.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்