காப்பிக்குப் பூட்டுப் போட்ட பாதிரியார்

மினசோட்டா, மார்ச் 1936

அன்புள்ள அம்மாவுக்கு டோர்போர்க் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு இங்கே கன்னம் உப்பும் அளவுக்குச் சாப்பாடு.

பாதிரியார் வீட்டு வேலை போய்விட்டது. பதறாதீர்கள், மாதர் சங்கத்து ஓசென் அம்மாள் வீட்டில் சுகமாக இருக்கிறேன். கம்யூனிஸ்டுகளையும் யூதர்களையும் தூற்றிப் பாதிரியார் அச்சடித்த தாள்களைச் சபையில் யாரும் சீண்டவில்லை. போன ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்தே, "தாளை வாங்கினவங்களுக்குத்தான் இனிமே ஆராதனை முடிஞ்சு காப்பி" என்று சொல்லிவிட்டார். நம் நார்வே சனத்திடம் பேசுகிற பேச்சா அது?

ஓசென் அம்மாள் எழுந்தார். "காப்பி தெளியறதுக்குத் தூள்ல முட்டை உடைச்சு ஊத்திக் காய்ச்சினது நாங்க. உங்க தாளை நீங்களே கரைச்சுக் குடிங்க பாதிரியாரே!"

கெண்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் குதிரைக் கொட்டகைக்கு நடந்தார். சபையே பின்னால் போனது. கோப்பைகளை ஏந்திக்கொண்டு நானும் போனேன். சாயங்காலமே என் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி கொஞ்சம், உங்கள் கையெழுத்தில் நாலு வரி. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

அம்மா, போன பொட்டலத்தில் பாதிரியார் சொல்லி நான் வைத்த தாள்களை அடுப்பில் போடுங்கள். அத்தனையும் நான் மடித்தவை. அப்பா படித்து நம்பியிருந்தால் இதைச் சொல்லுங்கள்: எனக்குக் காய்ச்சல் கண்டபோது பத்து நாள் கோழிச்சாறு ஊட்டியது கடைக்காரர் செல்மானின் மனைவி. அவர்கள் யூதர்கள்.

உங்கள் மகள்,
டோர்போர்க்