ரிசானாவின் பெரிய எழுத்து

வெள்ளிக்கிழமை, மாம்புரி.

எங்கள் மாத சஞ்சிகையின் பக்கங்களை இத்தனை வருடமும் நான்தான் வடிவமைத்தேன். இந்த இதழைப் புத்தளத்து ரிசானாவிடம் கொடுத்துவிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறாள். அந்த இடத்தில் நான் இரண்டு கவிதைகள் போட்டிருப்பேன். பார்த்தவர்கள் எல்லோரும் வடிவு என்கிறார்கள். எனக்கு எரிகிறது.

என் இதழ்களில் வாப்பா தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, கண்ணாடி இல்லாமலே தலையங்கத்தை முழுவதும் வாசித்தார்.

"அந்தப் புள்ள நல்லா எழுதியிருக்கா, மகள்."

"அது நான் எழுதினது, வாப்பா. தலையங்கம் எப்பவும் நான்தான் எழுதுற."

வாப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் இப்பிடி எழுதல்ல?"