நீ அனுப்பிய முதுகெலும்புப் படம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் உடம்பளவிலாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் வீட்டுச் செய்திகளைத் தொடங்குவேன். இம்முறை என் மனக்குறைகளைத் தேதி வாரியாக முதலில் எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் எப்போதும்போல விட்டுக்கொடுத்துவிடுவேன்.

1. சென்ற மாதம் 4-ஆம் தேதி. தாமிரக் கம்பி திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவனைப் பிடிக்கப் போன இடத்தில் நீ சுட்டாய். அன்று மாலை என்னிடம் நீ சொன்னது: "நில்லுன்னு மூணு தடவை கத்தினேன்பா, நிக்காம ஓடினான்."

2. 9-ஆம் தேதி. அதே சம்பவத்தை உன் அம்மாவிடம் சொல்லும்போது அவன் ஓடவில்லை, திரும்பி நின்று கத்தியை ஓங்கினான். ஐந்து நாளில் அவன் எப்படித் திரும்பினான் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய்.

3. 15-ஆம் தேதி. "அப்பா படிச்சவரு, ஆனா அவருக்கு ஃபீல்டு தெரியாது" என்று பெரிய மாமாவிடம் சொன்னாய். மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

4. இம்மாதம் 2-ஆம் தேதி. அவனுடைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை என் ஆஸ்பத்திரி முகவரிக்குக் கூரியரில் அனுப்பினாய்.

முதல் மூன்றையும் ஒரு தகப்பன் என்ற முறையில் விழுங்கிவிடலாம். நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக என் அறையில் முதலில் படம், பிறகுதான் சீட்டு. நோயாளி யார், அனுப்பியவர் எதைச் சந்தேகிக்கிறார் என்று முன்கூட்டியே படித்துவிட்டால் கண் அதையேதான் தேடும். எனவே வருகிற உறைகளை டைப்பிஸ்ட் அம்மா பிரித்து, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, சீட்டைக் கவிழ்த்து வைப்பார். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார், அதன் பிறகே சீட்டைத் திருப்புவேன். உன் உறையும் அப்படித்தான் பிரிக்கப்பட்டது. பெயர் இருந்த மூலையில் நீ காகிதம் ஒட்டியிருந்தாய். அன்றைக்கு அது நாற்பத்தோராவது படம், கண் எரிந்துகொண்டிருந்தது, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன். குண்டு முதுகின் நடுவில், முதுகெலும்புக்குச் சற்று இடப்புறம் நுழைந்திருக்கிறது. எலும்புத் துணுக்குகள் அனைத்தும் வயிற்றுப் பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கின்றன. பாதை பின்னிருந்து முன்னாக, சற்றே தலைப்பக்கமாக ஏறுகிறது, ஆகவே சுடப்பட்டபோது இவர் முன்னோக்கிக் குனிந்த நிலையில், பெரும்பாலும் ஓடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தண்டுவடம் அறுபட்டிருக்கிறது, கால்களுக்கு உணர்வு திரும்ப வாய்ப்பில்லை. டைப்பிஸ்ட் அம்மா அடித்து முடித்துவிட்டு, "ஓடுறவன் முதுகுல சுட்டிருக்காங்களே, எந்த மகராசன் சார் அது?" என்று கேட்டார். நான் சீட்டைத் திருப்பினேன். அது உன் கையெழுத்து.

உன் சீட்டில் இருந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள். "அப்பா, திரும்பும்போது பக்கவாட்டில் பட்டதுன்னு ஒரு வரி போதும். உங்க கையெழுத்து வேண்டாம், அப்பான்னு கண்டுபிடிச்சிடுவாங்க. கூட இருக்கிற டாக்டர் யாராவது போட்டாலும் சரி. விசாரணை 20-ஆம் தேதி." பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாலும் கொடுப்பதற்கு முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாய், நான் திருத்தித் தருவேன். அந்தப் பழக்கத்தில் இதையும் அனுப்பிவிட்டாய் போலும்.

வீட்டில் இதைப் பற்றி நடக்கும் விவாதத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். படம் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சென்ற ஞாயிறு பெரிய மாமா வந்திருந்தார், லிஃப்ட் இன்னும் பழுது பார்க்கப்படவில்லை, நான்கு மாடி ஏறிவந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள்ளேயே, அவனை முதுகில் சுட்டதாக ஊரில் அடிபடும் பேச்சைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். "தப்பு செய்யாதவன் எதுக்கு மாப்பிள்ளை ஓடறான்? முதுகுல பட்டா என்ன, மூஞ்சில பட்டா என்ன, திருடன் திருடன்தானே" என்றார். போன மாதம் ஹெல்மெட் இல்லாமல் டிராஃபிக் போலீஸைக் கண்டதும் ஸ்கூட்டரைச் சந்துக்குள் திருப்பி ஓடியது யார் என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். அந்தக் கான்ஸ்டபிளிடம் துப்பாக்கி இல்லாததால்தான் அது வேறு என்றேன். உன் அம்மா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறி, "எல்லாரும் அவனைப் பத்தியே பேசறீங்க, என் பொண்ணுக்குக் கை நடுங்கிச்சாம், அதை யாராவது கேட்டீங்களா? அரை நொடி தவறியிருந்தா நம்ம வீட்டுக்கு என்ன வந்திருக்கும்?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சோற்றுத் தட்டைச் சற்று ஓசையாக வைக்கிறாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓடுகிறவன்மேல் எந்நேரத்திலும் கை வைக்கக் கூடாது என்று வாதிடும் ஆள் நான் இல்லை. கத்தியோடு ஒருவன் கூட்டத்துக்குள் ஓடினால், அவனைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது நீ சுட்டிருந்தால், உனக்காக நானே சாட்சிக் கூண்டில் ஏறியிருப்பேன். ஆனால் இவன் ஓடியது இரண்டு கிடங்குகளுக்கு நடுவே, ஆள் நடமாட்டமில்லாத வழியில். 4-ஆம் தேதி நீயே சொன்னாய், அவன் வீடு எதுவென்று உங்களுக்கு முன்பே தெரியும் என்று. மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் நின்றிருந்தால் போதும். தாமிரக் கம்பி மறுபடி வாங்கக் கிடைக்கும் பொருள். இருந்தும் அந்த அரை நொடிக்காக உன்னை நான் தண்டிக்க மாட்டேன். உனக்கு இருந்தது அரை நொடி, விளக்குப் பெட்டிக்கு முன்னால் எனக்கு இருப்பது மணிக்கணக்கு. பயந்தேன், சுட்டுவிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால், விசாரணையாளர்கள் அதை எடைபோட்டிருப்பார்கள், நானும் இரவோடிரவாகப் புறப்பட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பிந்தைய ஐந்து நாட்கள். அவற்றில் உன் கை நடுங்கவில்லை. நிதானமாக யோசித்து ஒரு கத்தியைச் செய்து அவன் கையில் கொடுத்திருக்கிறாய், அதை வைத்து உன்னைக் கொல்ல முயன்றதாக அவன்மேல் வழக்கு. இடுப்புக்குக் கீழே அசையாத மனிதனின் கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டிருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். தப்பி ஓடிவிடுவான் என்ற அச்சமாம். அந்த வரியைப் படித்த பிறகு வேலைக்குப் போய் அறுபத்திரண்டு படங்கள் பார்த்தேன். ஒன்றுகூட நினைவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் 5-ஆம் தேதி உன் புகைப்படம் வந்த பத்திரிகையில் நான்கு பிரதிகள் வாங்கியவன் நான். நீ பத்திரமாக இருக்கிறாயா என்று எத்தனையோ முறை கேட்டேன், அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு தகப்பன் இருக்கக்கூடும் என்பது அந்த முதுகெலும்புப் படத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. அதனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அலுப்பாக இருக்கிறது அம்மா, படிகளில் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடுகிறேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன், வேறு யாரையும் எழுத விடவும் மாட்டேன். அன்று அடித்த அறிக்கை, தேதியோடும் என் கையெழுத்தோடும், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் உன் தகப்பன் என்பதையும், படம் எப்படி என்னிடம் வந்தது என்பதையும், உன் சீட்டின் நகலையும் அதோடு இணைத்திருக்கிறேன். பெற்றவன் சொல் செல்லாது என்று அவர்கள் நினைத்தால் வேறு டாக்டரிடம் படத்தைக் காட்டிக்கொள்ளட்டும், எலும்பு வேறு கதை சொல்லாது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் இந்த விஷயம் வேண்டாம். உனக்கு நல்ல ஆயுளும், அந்த ஆயுள் முழுவதும் நிம்மதியாகத் தூங்கும் மனமும் வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

நீ சுட்ட நொடியில் அவன் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை விசாரணை அதிகாரிக்கு உன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலை எனக்கு அனுப்பு. வரும் 18-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அது என் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்காதே, எடுக்க மாட்டேன். 19-ஆம் தேதி காலை என் உறை விசாரணை அலுவலகத்துக்குப் போகும். அதை இன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் வைத்திருப்பது உன் உறை முதலில் போய்ச் சேரட்டும் என்பதற்காக மட்டுமே.

இப்படிக்கு,
உன் அப்பா