வாசலில் ஒரு மூட்டைச் சோளம்

வால்டெசினோ,
4 மார்ச் 1984

அன்பு மருமகள் டெல்ஃபினாவுக்கு உன் தாய்மாமன் செலெஸ்டினோ எழுதிக்கொள்வது. நானும் என் இருமலும் இங்கே சௌக்கியம்.

நீ கேட்ட காரியம் முடிந்தது. உன் அம்மா, அதாவது என் அக்கா ஹெர்மீனியா, உன் படத்தில் நடிக்கச் சம்மதித்துவிட்டாள். லேசில் நடந்த காரியமில்லை. நான் பேசிய பேச்சில் அடுப்பில் கொதித்த அவரைக்கொட்டைகூடச் சற்று அடங்கியது. கடைசியில் ஏப்ரன் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘என் மகளுக்கு இல்லாததா’ என்றாள். மற்றப் பெண்களும் தயார். ஹெர்மீனியா முன்னால் நடந்தால் பின்னால் அவர்கள் தானாக வருவார்கள், எப்போதும் அப்படித்தானே.

அன்றைய சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் என்னைக் கேள். முன்வரிசையில் நின்றவன் நான். காவலன் துப்பாக்கியை என் மார்பில் வைத்தான். நான் அதைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு மீசையை முறுக்கினேன். இதைப் படத்தில் வைத்தால் மாட்ரிட் தியேட்டர்களில் நாற்காலி மிஞ்சாது.

சாமான்களையெல்லாம் உன் அம்மா வீட்டு விலாசத்துக்கே அனுப்பிவிடு. என் வீட்டில் எலித்தொல்லை.

உன் மாமன், இனிமேல் உதவி இயக்குநரும்கூட,
செலெஸ்டினோ

—

மாட்ரிட்,
11 மார்ச் 1984

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா அழுதார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. நான் மாட்ரிட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கே அழாதவர். நிஜமாகவே சரி என்றாரா? அவரிடம் கதையைச் சொன்னீர்கள்தானே?

இந்தப் படத்துக்கு அந்தச் சுரங்கப் பாதைக் காட்சிதான் உயிர். ஆண்கள் சுரங்கத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்க, சங்கத்தை மீறி வேலைக்குப் போகிறவனின் காலடியில் பெண்கள் மக்காச்சோளத்தை இறைக்கிறார்கள். நீ கோழி, பொறுக்கித் தின்னு என்று அர்த்தம். அடியில்லை, வசவில்லை, ஒரு கைப்பிடிச் சோளம். இதை எந்த நடிகையாலும் செய்ய முடியாது. செய்தவர்களே செய்ய வேண்டும். காலடியில் சோளம் விழுகிற ஆளாக மட்டும் ஒரு நடிகர் வருகிறார்.

ஏப்ரல் 29 படப்பிடிப்பு. உடைகளும் சோளமும் முன்கூட்டியே வேனில் வரும்.

அன்புடன்,
டெல்ஃபினா

—

வால்டெசினோ,
20 மார்ச் 1984

அன்பு மருமகளுக்கு,

நேற்று சூசையப்பர் திருநாள். பூசையில் நான் பாடியதைக் கேட்டு பங்குத்தந்தை பாடுவதையே நிறுத்திவிட்டார். அதை விடு. ஒரு சின்னச் சங்கடம்.

நாங்கள் கோவிலில் இருந்த நேரத்தில் உன் வேன்காரன் வந்திருக்கிறான். வீட்டில் ஆளில்லை. துணிமணிகளைப் பக்கத்து வீட்டு ஒலிவாவின் கொட்டகையில் போட்டவன், சோளமூட்டையை மட்டும் உன் அம்மாவின் வாசல்படியில் சாத்திவிட்டுப் போய்விட்டான். மாட்ரிட்காரனுக்கு என்ன தெரியும்? பாதையில் இறைப்பதாவது அந்த ஒரு ஆளோடு போகும். வாசலில் மூட்டையாக வைத்தால் வீட்டுக்கே கருங்காலி வீடு என்று பெயர் வைத்த மாதிரி.

உன் அம்மா பூசை முடிந்து பெண்களோடு வந்தாள். மூட்டையின் வாய் சற்றுப் பிரிந்திருந்தது. ஊரே பார்த்தது.

“செலெஸ்டினோ, இதை யாரு அனுப்பினா?”

“உன் மகதான் அக்கா. சினிமாவுக்கு.”

“கல்யாணக் கதைன்னு சொன்னியே.”

கல்யாணமும் எங்காவது வரும்தானே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றாள். மூட்டையைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோழிகளைக்கூட வெளியே விடவில்லை. ஹெர்மீனியா இல்லாமல் பாதையில் கால் வைக்கமாட்டோம் என்று மற்றப் பெண்களும் சொல்லிவிட்டார்கள்.

நான் பேசிச் சரிசெய்துவிடுவேன். என்ன தெரிந்துபோனது என்று மட்டும் என்னைக் கேட்காதே. இங்கே குளிர் அதிகம், விரல் விறைக்கிறது.

மாமன் செலெஸ்டினோ

—

மாட்ரிட்,
26 மார்ச் 1984

மாமா,

கல்யாணக் கதை என்று சொன்னீர்களா? அம்மா சம்மதிக்கவே இல்லை, அப்படித்தானே. அவரைக்கொட்டை அடங்கியதும் கண்ணீர் வந்ததும் நீங்கள் சமைத்தவை. என் பெயரில் என் அம்மாவின் வாசலில் அவமானம் உட்கார்ந்திருக்கிறது. தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

பெண்கள் வராவிட்டால் படம் நின்றுவிடும். அந்த நடிகருக்கு வேறு தேதி இல்லை, தயாரிப்பாளருக்கு அதற்குமேல் பொறுமையும் இல்லை. ஆனால் இப்போது என்னைத் தூங்கவிடாதது படம் இல்லை. எனக்குத் தெரிந்துபோனதாக அம்மா நினைப்பது எது? அந்தச் சோளம் யார் காலில் விழுந்தது?

ஒருமுறையாவது கூட்டாமல் எழுதுங்கள்.

டெல்ஃபினா

—

வால்டெசினோ,
2 ஏப்ரல் 1984

அன்பு மருமகளே,

உன் கடிதத்தை உன் அம்மாவிடமே கொண்டுபோனேன். கதவைத் திறக்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுது” என்றாள். “நீ எங்க இருந்தேங்கறதையும் சேர்த்து எழுது. துப்பாக்கிய விரலால தள்ளினவன் அன்னைக்குத் தூண்மேல நிக்கிற தானியக் கொட்டகைக்கு அடியில கோழிங்களோட இருந்தான்னு எழுது.”

அது பகைவனை வேவுபார்க்கிற இடம் என்று அவளுக்கு எப்போதுமே புரிந்ததில்லை. ஆனால் அங்கேயிருந்து பாதை நன்றாகத் தெரியும். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அது உன் அப்பா பெலார்மினோ.

உனக்கு அப்போது ஆறு வயது, நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாய். சுரங்கம் மூடிப் பல வாரம். மருந்துக்கடைக்காரர் இனிமேல் கடன் இல்லை என்று கையை விரித்துவிட்டார். விடிந்ததும் உன் அப்பா சுரங்க விளக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். எதற்காகப் போகிறார் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். உன் கட்டிலருகேயிருந்துதானே அவளும் எழுந்து வந்தாள்.

துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்துத் திருப்பத்தில் பெண்கள் நின்றார்கள். உன் அப்பாவைக் கண்டதும் ஒருத்தியும் கையை அசைக்கவில்லை. ஒலிவா உன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ போ ஹெர்மீனியா. நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

“என் வீட்டுக்காரனுக்கு என் கைதான்” என்றாள் உன் அம்மா. எறிந்தாள்.

உன் அப்பா கீழே பார்த்தார். சுரங்கத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. ரயில் நிலையப் பாதையில் இறங்கிப் போனார். அப்புறம் பெல்ஜியம், அவர் அங்கே இறந்தது உனக்குத் தெரியும். உழைக்கப் போனவர் நம்மை மறந்துவிட்டார் என்று உனக்குச் சொன்னோமே, அது ஊர்ப் பெண்கள் எல்லோரும் தொட்டியருகே பிற்பாடு பேசி முடிவுசெய்தது. உன்னிடம் ஒருத்தியும் மூச்சுவிடவில்லை.

உன் மருந்து? ஒலிவா தன் ஆட்டை விற்றாள்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட இடமில்லை.

செலெஸ்டினோ

—

மாட்ரிட்,
12 ஏப்ரல் 1984

மாமா,

பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. அப்பா என்னை மறந்தார் என்றே வளர்ந்தேன். அவரை மன்னிக்காமலிருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

29 அன்று வருகிறேன். கேமராவைத் தொட்டியருகே வைப்பேன். அம்மாவை யாரும் கூப்பிட வேண்டாம், நீங்கள் முக்கியமாக. வராவிட்டால் கேமராவை மூடிவிட்டுத் திரும்பிவிடுவேன், படம் அதோடு சரி. அம்மாவின் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தமாட்டேன். இதை மட்டும் அவர் காதில் போடுங்கள்.

டெல்ஃபினா

—

வால்டெசினோ,
30 ஏப்ரல் 1984

அன்பு மருமகளுக்கு,

நேற்று நீ கேமராவுக்குப் பின்னால் நின்றாய், நான் ஒலிவாவுக்குப் பின்னால். நீ பார்க்காததும் கொஞ்சம் உண்டு.

உன் அம்மா வருவதற்குமுன், வாசலில் மழையில் ஊறிக் கிடந்த அந்த மூட்டையைத் தானே அவிழ்த்து, அடியில் காய்ந்திருந்ததை ஏப்ரன் துணியில் கட்டிக்கொண்டாள். நீ அனுப்பிய உடையைத் தொடவில்லை. தொட்டியருகே வந்ததும் பெண்கள் அன்றைக்குப் போலவே கையை அசைக்காமல் நின்றார்கள். ஒலிவா இவள் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டியதைப் பார்த்தாயா? நீ சொல்லிக்கொடுத்ததில்லையே அது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ போதும் என்று சொன்ன பிறகும் அவள் எறிந்தாள். துணியில் ஒரு மணிகூட மிஞ்சாமல் எறிந்தாள். பாவம் அந்த மாட்ரிட் நடிகர், முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். உன்னைத் தாண்டிப் போகும்போது உன் அம்மா உன்னைப் பார்க்கவில்லை. நீ கதவைத் தட்டியதும், திறக்காததால் வேனில் ஏறிப் போனதும் எனக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு உள்ளே, ஒரு கை நீளத் தூரத்தில், அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

சாயங்காலம் போனேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் நேற்றைய படப்பிடிப்பில் என் பங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கத்தியை வைத்தாள்.

“இப்பவும் எறிவேன்னு அவகிட்ட சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, கிழங்கிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

“அன்னைக்கு அவனுக்குச் சாப்பாடு எடுத்து வச்சேன். அடுப்போரமா, தட்டுப் போட்டு மூடி. விடியற வரைக்கும் நெருப்ப அணையவிடல. அது அவ படத்துல வருதான்னு கேளு.”

கேட்டுவிட்டேன்.

உன் மாமன்
செலெஸ்டினோ

—

மாட்ரிட்,
5 மே 1984

அன்புள்ள மாமா,

அது படத்தில் இல்லை. எனக்குத் தெரியாததை எப்படி எழுதியிருப்பேன்?

வரும் சனிக்கிழமை வருகிறேன். கேமரா இல்லை, வேன் இல்லை, ரயிலில். எந்தத் தட்டு, அடுப்பின் எந்தப் பக்கம் என்று அம்மாவே எனக்குக் காட்டட்டும்.

அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: சனிக்கிழமை உன் மகள் வருகிறாள், வழியில் எதுவும் சாப்பிடமாட்டாள். இவ்வளவுதான் மாமா. ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

டெல்ஃபினா