சாமி நெருப்பில் அப்பாவின் மெத்தை

ஜார்ஜ் டவுன்,
வியாழக்கிழமை

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், எங்கள் மூக்குகளைத் தவிர. மெல்பர்னில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கட்டிக்கொள்ளப் போகும் நிகிலின் சித்தி நடத்திய ஹோலி நெருப்பில், பதினைந்து பேர் பார்க்க, உன் அப்பாவின் பழைய மெத்தையைப் போட்டுவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு முழுக்க என்னுடையது இல்லை. பாயான் பாருவில் இருக்கும் அந்தச் சித்தி ஷோபா நம் பக்கத்து வீட்டு ஜெயந்தியோடு வேலை பார்ப்பவர். ஜெயந்தியின் புருஷன் சுகுமாரனுக்குப் பாலிக் புலாவ் கம்போங்கில், அந்தக் கிராமத்துப் பக்கம், டுரியான் பழத் தோட்டம் இருக்கிறதே, அங்கே கொண்டாடலாம் என்று சிநேகிதர்களுக்குள் ஏற்பாடு. ஜெயந்தி என்னைக் கூப்பிட்டு, பெரிசா நெருப்பு மூட்டிக் கொளுத்துவாங்க ஆச்சி, நீங்களும் வாங்க லா, மாப்பிள்ளை வீட்டு ஆளைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றாள். கொளுத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது போகிதானே. பன்னிரண்டு வருஷ வியர்வையும் தைலமும் ஊறிய அந்த ஸ்பஞ்சு மெத்தையை ஒழிக்க வேறு நல்ல நாள் ஏது? காரின் கூரையில் கட்டிக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் சுற்றி வந்து தேங்காயும் வறட்டியும் போட்டார்கள். எல்லோரும் எதையோ போடுகிறார்களே என்று உன் அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் தலைமாடு, நான் கால்மாடு, ஒரே வீச்சு. ஐயோ ஆச்சி, அது சாமி நெருப்பு லா என்று ஜெயந்தி அலறியது மெத்தை விழுந்த பிறகுதான் காதில் விழுந்தது.

அந்த நாற்றத்தை எப்படி எழுதுவேன். தார் மாதிரிக் கரும்புகை, ஸ்பஞ்சு உருகிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது, வெள்ளை உடுப்பில் வந்தவர்கள் எல்லாம் கரி பிடித்த சட்டி மாதிரி ஆனார்கள். அதோடு விட்டார்களா? அதே நெருப்பில் கோதுமைக் கதிரை வாட்டிப் பிரசாதம் என்று கையில் கொடுத்தார்கள். வாயில் போட்டால் உன் அப்பாவின் முதுகு. துப்பவும் முடியாமல் ஷோபா முன்னால் சிரித்துக்கொண்டே மென்றேன். பிறகு நெருப்பு அடங்கியதும் அந்தச் சாம்பலை எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் பூசினார்கள், அதுதான் அவர்கள் வழக்கமாம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை தலை முழுகிவிட்டேன்.

ஷோபா கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். இது தமிழர் சம்பிரதாயமா என்று அமைதியாகக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் உன் அப்பா, ஆமாம், சம்பந்தம் பேசுவதற்கு முன் பழைய மெத்தையை எரிப்போம் என்று விபூதி பூசிய முகத்தோடு புளுகிவிட்டார். ஷோபா அப்போதே ஜெய்ப்பூருக்கு, நிகிலின் அம்மாவுக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் பெண் கேட்க வருவதாக இருந்தவர்கள் இனி வருவார்களா என்று தெரியவில்லை. உனக்குப் பிடித்த பையன், என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. உன் அப்பா புது மெத்தையில் நன்றாகத் தூங்குகிறார்.

மீனாட்சி துணையிருந்து உன்னைக் காக்கட்டும், நினைத்தது கைகூடி நீ நிறைவாக வாழவேண்டும். மறந்துவிடாதே, நிகில் கேட்டால் சம்பிரதாயம்தான் என்று சொல், அப்பாவின் மானம் உன் கையில்.

இப்படிக்கு,
உன் அம்மா முத்தம்மை

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெய்ப்பூரிலிருந்து போன். அடுத்த மாதம் பெண் கேட்க வரும்போது எரிப்பதற்கு அவர்கள் கொண்டுவர வேண்டிய பழைய மெத்தை ஒற்றைக் கட்டிலுக்கா, இரட்டைக் கட்டிலுக்கா என்று நிகிலின் அம்மா கேட்கிறார்.