அண்ணன் மடக்கிய இரண்டு விரல்கள்

என் பாசமுள்ள அண்ணே,

நீ போன பிறகு வந்த முதல் மழை, நேற்று அருள்புரத்தில் கொட்டித் தீர்த்தது. பனியன் கம்பெனி வேன் வாசல்வரை வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்த வேனை நிறுத்தப்போவதாகச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? இருட்டிய பிறகு பெண்கள் எப்படி வீடு போவது என்று கேட்டோம். நம் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் மட்டும் மெஷினை நிறுத்தினோம். கம்பெனி விடுதியில் தங்கியிருந்த வடநாட்டுத் தையல்காரர்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் தோற்றுப்போய் நாங்களும் மெஷினைப் போட்டோம். எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள். நானும்தான்.

நீ திட்டவில்லை. உலகப்போர்க் கதைகள் என்றால் உனக்கு உயிர். வாயில் சுருட்டோடு, இரண்டு விரலை விரித்து வெற்றி என்று காட்டும் அந்த இங்கிலாந்துப் பிரதமரைப் பற்றி, சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! பொதுவுடைமையை அடியோடு வெறுத்த மனிதர், ஜெர்மனி ரஷ்யாமீது படையெடுத்ததும் அந்தப் பொதுவுடைமை நாட்டுக்கே துணை நின்றார், அமெரிக்காவையும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பாய். "பிடிக்காதவன்கிட்டயும் போய்ப் பேசணும் புள்ள, அதுக்குப் பேருதான் கூட்டணி" என்று சொல்லிவிட்டு விடுதிக்குக் கிளம்பினாய். நானும் பின்னாலேயே வந்தேன்.

அங்கே எல்லோருக்கும் பேசுகிறவன் பிமல். வங்காளத்துக்காரன், தமிழ் ஓரளவு தெரியும். நீ இரண்டு விரலை விரித்துக் காட்டி அந்தப் பிரதமர் கதையை எடுத்தாய். பிமலின் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, அந்த ஆள் இருந்தப்பதான் எங்க ஊர்ல பஞ்சம். தாத்தாகூடப் பொறந்தவங்க எல்லாரும் சோறு இல்லாம செத்துட்டாங்க. தாத்தா மட்டும்தான் மிச்சம்."

உன் விரல்கள் தாமாக மடங்கியதைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம், நீ படித்த புத்தகங்களில் அது ஏன் இல்லை என்று யோசித்தாயா அண்ணே? அப்போது கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் மறுபடியும் போனாய். கதை எதுவும் சொல்லவில்லை. பிமலுடைய தாத்தாவின் பெயரைக் கேட்டாய், அவர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்டாய். அவன் வெகுநேரம் சொன்னான். பிறகுதான், "இங்க உங்களுக்கு என்னப்பா கொறை?" என்றாய். தண்ணீர் என்றான். விடுதித் தண்ணீர் உப்பாம், குடித்தால் வயிறு கெட்டுப்போகிறதாம்.

"அப்ப மொதல்ல தண்ணி கேப்போம். பொறவு வேன்" என்றாய்.

அந்த வாரமே இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக மெஷினை நிறுத்தினோம். ஓர் ஊசிகூட ஓடவில்லை. மேனேஜர் அவிநாசிப் பக்கத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். முதலாளியைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல தண்ணியும் வருமுங்க, வேனும் ஓடுமுங்க. மெஷினைப் போடுங்க சாமி" என்றார். பிமல் உன்னைக் கட்டிக்கொண்டான். நீயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உன் மெஷினுக்குப் போய்விட்டாய்.

நெஞ்சுவலி வந்து நீ போன அன்று, கல்லறைத் தோட்டம்வரை உன் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவன் யார் என்று கேட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை என்று அம்மா சொன்னாள்.

இப்போது அவன் மனைவியும் வந்துவிட்டாள். எனக்குப் பக்கத்து மெஷின். மீன் குழம்பில் கடுகை அரைத்து ஊற்றுகிறாள். நீ இருந்தால் ரசித்துச் சாப்பிட்டிருப்பாய். எனக்கு இன்னும் பழகவில்லை, ஆனாலும் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

அடுத்த வாரம் ஒடிசாவிலிருந்து புதிதாகப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். நம் ஆட்களிடையே இப்போதே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. நான் போய் அவர்களைப் பார்ப்பேன் அண்ணே. நமக்கு வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்பேன். மொழி தெரியாவிட்டால், அவர்கள் பேச்சு ஓரளவு புரியும் என்கிற பிமல் மனைவியைக் கூட்டிப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
ஜெயராணி