நாப்பது நாள் வரி

அன்பு மகள் சைக்காலுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் குதிரைங்களும் நல்லா இருக்கோம், மாஸ்கோவுல நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். அந்த வரியில அப்பாவை விட்டுட்டேனேன்னு பாக்குறியா, அதுக்குத்தான் இந்தக் கடிதாசியே. போன வாரம் பக்கத்து வீட்டு நர்ஸ் ராக்கியா போன்லேர்ந்து கூப்பிட்டு, அப்பாவுக்கு உடம்புன்னு வாயெடுத்தேன். கெட்டதைப் பேசாதீங்கம்மா, பலிச்சிடும்னு சொல்லிப் போனை வெச்சுட்டே. கடிதாசியை அப்படி வெக்க முடியாது. நாளைக்கு ராக்கியா தங்கச்சி ப்ளேன் ஏறுறா, அவ கையில குடுத்தனுப்புறேன். பொட்டலத்துல உப்புத் தயிர் உருண்டை இருக்கு, படிச்சிட்டு அப்புறம் தின்னு.

உன் போன் குழுவுல முந்நூறு பொம்பளைங்களாம், கண்ணாடி முன்னாடி நல்ல வார்த்தை சொன்னா உடம்பு கேக்கும்னு சொல்லிக் குடுக்குறியாம். அப்பாவுக்கும் ஒரு வரி அனுப்பினே, என் கால்கள் உறுதியா இருக்கு, என் உடம்பு நல்லா இருக்குன்னு, காலையில மூணு தரம், நாப்பது நாள், நடுவுல நோய்ப் பேச்சே வரக்கூடாதுன்னு. என் மக வாய்க்கு வெண்ணெய் போடணும்னு மனுஷன் பூரிச்சுப் போயிட்டாரு. பதினஞ்சு வருஷமா சர்க்கரைக்காரரு, நான் கத்திக் கத்தித் தொண்டை வத்தியும் விடாத ஜாமை உன் ஒரு பேச்சுக்கு விட்டாரு. தினம் ஓடை வரைக்கும் நடந்தாரு. அதையும் சொல்லணும், இல்லாட்டி பொய்யாயிடும். ஆனா நாப்பதுன்னா நம்ம ஜனங்களுக்கு என்னன்னு உனக்குத் தெரியாதா? பிள்ளை பிறந்தாலும் நாப்பது, ஆள் செத்தாலும் நாப்பது, அந்தக் கணக்கை நடுவுல முறிக்கிறவன் நம்ம ஊர்ல உண்டா? நீ பாட்டுக்குச் சொல்லிட்டே, அவரு சத்தியம் மாதிரி எடுத்துக்கிட்டாரு.

நடந்த நடையில புது பூட்ஸ் குதிகாலைக் கடிச்சிருக்கு. சர்க்கரைக் காலு, வலியே தெரியல. இருபத்தாறாம் நாள் மாத்திரை வாங்கப் போனோம், டாக்டரம்மா காலைக் காட்டச் சொன்னாங்க. உங்கப்பா நிமிர்ந்து உக்காந்து, என் கால்கள் உறுதியா இருக்குன்னு உன் வரியையே ஒப்பிச்சாரு. அந்தம்மா சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு நாளா அந்தக் கால்ல நாத்தம் அடிக்கிறது எனக்குத் தெரியும், கேட்டா உதட்டுல விரலை வெச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான், புள்ள பேரைக் கெடுக்காதேங்குறாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பாவம் என்னுது, உன் தலையில கட்டல.

முப்பத்தெட்டாம் நாள் காய்ச்சல்ல பிதற்ற ஆரம்பிச்சாரு. ராக்கியா வந்து, வீங்கின கால்லேர்ந்து கழட்ட வராத பூட்ஸைக் கத்தியால கிழிச்சா. அன்னிக்கே நாரின் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க சைக்கால். வலது காலு. தூரத்துல இருக்கிறவங்களுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாதுன்னு நம்ம வழக்கத்தைச் சொல்லியே என் வாயை அடைச்சாரு. நாப்பதாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சு, போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டு, உனக்கு வீடியோ அனுப்பினாரு. எங்கப்பா நாப்பதையும் முடிச்சுட்டாருன்னு நீ குழுவுல போட்டே. அது நம்ம வீட்டுப் போர்வையான்னு கூட நீ பாக்கல.

வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நேத்து சாக்ஸ் மாத்துறப்போ பாத்தேன், இடது காலு கட்டைவிரல் கறுத்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, ரெண்டாவது நாப்பது ஆரம்பிச்சாச்சு, இன்னிக்கு ஒன்பதாம் நாளுங்குறாரு. இந்தக் காலையும் குடுத்துட்டுக் குதிரை மேல எப்படி ஏறுவீங்க அண்ணேன்னு ராக்கியா திட்டினா, சிரிக்குறாரு. என் அழுகையும் அவருக்கு ஒண்ணுமில்ல. நீ சொன்னாத்தான் கேப்பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

உனக்கு நோய் நொடி வராம, உன் வாசல்ல நல்ல சேதியே வந்து நிக்கட்டும். என் கோவம் உன் மேல ஒட்டாம போகட்டும். மறக்காம ஒண்ணு செய். உனக்கும் ஒரு வரி எழுதியிருக்கேன், கண்ணாடி முன்னாடி நின்னு மூணு தரம் சத்தமா சொல்லு: எங்கப்பாவுக்கு வலது காலு இல்ல. சொல்லிட்டுப் போனை எடு. எப்படி இருக்கீங்கன்னு கேக்காதே. போர்வையை விலக்கிக் காட்டுங்கப்பான்னு சொல்லு.

உன் அம்மா
அனார்கான்